வாழையைத் தொடாத யானை

அத்தியாயம் ஏழு

ஒரு யானை வாழைத்தோப்பைத் தாண்டிப் போய்க் கல் அடுக்கிவைத்த குடோனின் சுவரை இடித்தது என்றால் அந்த யானைக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், இல்லை அந்தக் கல்லில் என்னவோ இருக்க வேண்டும். யானைக்குத்தான் பைத்தியம் என்று போலீசில் எழுதி முடித்துவிட்டார்கள். தவசி அண்ணனுக்கு அதில் சம்மதமில்லை. அதனால்தான் எண்பத்து மூன்றாம் வருஷத்துச் சித்திரை வெயிலில், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், தேவாரம் ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு நான் நின்றுகொண்டிருந்தேன்.

நான் சுருளி. போடியில் தவசி துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளன். ஜீப் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, அடி விழுந்தால் வாங்கிக்கொள்வது எல்லாம் என் இலாகா. யோசிப்பது மட்டும் அண்ணனுடையது. அவர் ஒரு காலத்தில் ஏதோ ஒரு சோதனைச் சாவடியில் லோடு பார்க்கிற வேலையில் இருந்தார். பார்த்த லோடைப் பார்த்தபடியே எழுதியதால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரிடம் ஒரே ஒரு குறை உண்டு. ஏலக்காய் வாசனை பட்டால் தும்முவார். ஊரே ஏலக்காயில் மணக்கிற போடியில் குடியிருந்துகொண்டு இப்படி ஒரு வியாதி வைத்திருப்பவர் அவர் ஒருத்தர்தான்.

எங்களோடு மூன்றாவதாக ஒரு அம்மாள் நின்றாள். செபஸ்தியம்மாள். தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு கடற்கரை ஊர்க்காரி. காலை பஸ்சில் வந்து இறங்கி, ஓலைக் கொட்டானில் புருஷனுடைய சட்டையை வைத்துக்கொண்டு எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். 'யானை மிதிச்சுட்டுன்னு சட்டையக் குடுத்துட்டாவ அண்ணாச்சி. ஒடம்பு எங்கன்னு கேட்டா யானையக் கேளுன்னு சொல்லுதாவ' என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

குடோனின் ஒரு பக்கச் சுவர் மொத்தமாக விழுந்து கிடந்தது. உள்ளே காலி. பக்கத்துத் தோப்புக்காரர் ராக்கையா வந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என்னைக்குண்ணே நடந்துச்சு?" என்றார் தவசி.

"போன வாரம்ப்பா. மூணு உருப்படி எறங்குச்சுக. என் தோப்பு வழியாத்தான் வந்துச்சு. தாரு தாரா தொங்குது. ஒரு எலையக்கூடக் கிள்ளல. நேரா இந்தக் குடோன இடிச்சிருச்சுக. எனக்கு ஒரு பக்கம் சந்தோசம். இன்னொரு பக்கம், நம்ம வாழை யானைக்குக்கூட ஆகலயேன்னு மானக்கேடா இருக்கு."

"அந்த ஆள நீங்க பாத்தீகளா?"

"முந்தின நா சாயங்காலம் தோப்புல தண்ணி கேட்டு வந்தாரு. மிக்கேலுன்னு பேரு சொன்னாரு. ஊரு சொன்னாரு. கோயிலுக்குப் பின் தெருன்னு தெருவக்கூடச் சொன்னாரு. நல்லாத்தான் பேசுனாரு. விடிஞ்சு பாத்தா குடோனு இடிஞ்சு கிடக்கு, யானைச் சாணிக்குப் பக்கத்துல சட்டை கிடக்கு. ஆளக் காணோம்."

"குடோன்ல என்ன இருந்துச்சு?"

"என்னமோ கல்லு. கரிசக்காட்டுக் குவாரியில இருந்து வருதுன்னு லாரிக்காரன் சொன்னான். எந்நேரமும் தார்ப்பாயப் போட்டு மூடியே வச்சிருப்பாக. இடிஞ்ச மறுநாளே கழுதைப் பொதி வச்சு மேல கொண்டுபோயிட்டாக."

அண்ணன் குடோனுக்குள் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தரை முழுக்கக் குழி குழியாக இருந்தது. மண்வெட்டியால் வெட்டிய குழி இல்லை. யானை தந்தத்தால் குத்திப் பெயர்த்த குழி. அவர் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார்.

"அண்ணே, சோறு வாங்கித் தாரேன்னுதானே சொன்னீக. மண்ணுன்னா எனக்கும் சேத்து எடுங்க," என்றேன்.

"உப்பு," என்றார் அவர். "காட்டுக்குள்ள உவர்மண் எங்க இருக்குன்னு யானை தேடிப் போய்த் திங்கும், தெரியும்ல. அதுக்கு வாழைய விட உப்பு பெருசு. இந்தத் தரை உவர்மண்ணா மாறியிருக்கு. மேல அடுக்கியிருந்த கல்லுல இருந்து எறங்குன உப்பு. கரிசக்காட்டுக் கல்லுல ஏதுடா உப்பு?"

நானும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது.

செபஸ்தியம்மாள் அதற்குள் இன்னொரு குழியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். விரல் அளவுக்கு வெள்ளையாக ஒரு துண்டு கிடைத்தது. கிளை கிளையாக, துவாரம் துவாரமாக இருந்தது. அதை மூக்கின் பக்கம் கொண்டுபோனவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது எங்க கடலுக்குள்ள உள்ள கல்லு அண்ணாச்சி. பவளக்கல்லு. செத்துக் கரையில ஒதுங்குன கல்லுன்னா வாடை அடிக்காது. இது நாறுது. உசுரோட வெட்டியிருக்கானுவ."

"வெவரமாச் சொல்லுங்கம்மா," என்றார் அண்ணன்.

சொன்னாள். அவர்கள் ஊருக்கு முன்னால் கடலுக்குள் ஒரு கல் வரிசை. அலை அதில் முட்டிச் செத்துவிட்டுத்தான் கரைக்கு வரும். மீன் முட்டையிடுவதும் அந்தக் கல்லின் பொந்துகளில்தான். கரையில் ஒதுங்குகிற செத்த கல்லைப் பொறுக்கிக்கொள்ள ஒரு காண்டிராக்டருக்குக் குத்தகை கொடுத்திருந்தார்கள். அவன் கடப்பாரையோடு தோணியில் ஆள் அனுப்பி உயிர்க்கல்லையே பெயர்க்க ஆரம்பித்தான். ஊர் கூடிக் கோயிலில் சத்தியம் செய்தது. செத்த கல்லை மட்டும் எடுப்போம், உயிர்க்கல்லை நம் ஆள் எவனும் தொடக்கூடாது, மீன் சினைப்படுகிற மாசங்களில் அந்தப் பக்கம் தோணியே போகாது. சத்தியத்தை முன்னால் நின்று சொல்லிக் கொடுத்தவன் மிக்கேல். தண்ணிக்கு அடியில் எந்தக் கல் எங்கே நிற்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும்.

"நாளைக்குக் காலைல அதிகாரி கரைக்கு வாறாவ. குத்தகைய இன்னும் பல வருசத்துக்கு நீட்டலாமான்னு விசாரணை. ‘ஒதுங்குன கல்லத்தான் பொறுக்குதோம், உள்ளூர்ச் சுண்ணாம்புக் காளவாசலுக்குத்தான் போவுது’ன்னு காண்டிராக்டர் சாதிக்கான். அத உடைக்கத்தான் எம் புருசன் கல்லு லாரிக்குப் பின்னால வந்தாவ. எங்க போவுதுன்னு கண்ணால பாத்துட்டு வந்து சாச்சி சொல்லுதேன்னு சொல்லிட்டு வந்தாவ."

"சாட்சி இல்லேன்னா?"

"இன்னும் ஒரு தெருதான் அண்ணாச்சி மிச்சம் இருக்கு. கார்த்திகைப் புயல்ல அலை ஊருக்குள்ள வந்துட்டு. எங்க பாட்டன் காலத்துல இருந்து வந்ததே இல்ல. எங்க தெருவுக்கு நேரே கல்லு நின்ன இடத்துல வாசல் மாதிரி தொறந்து கிடந்திருக்கு. எங்க சூசை வீட்டுக்குள்ள ஒறங்கிக்கிட்டு இருந்தான். ஏழு வயசு."

மகனை எடுத்துக்கொண்ட கடலுக்கே காவல் காக்க வந்த புருஷனையும் இழந்துவிட்டு, சட்டையும் கையுமாக நிற்கிறவளுக்கு ஆறுதல் என்று எதைச் சொல்ல முடியும்? ராக்கையா போய்த் தோப்பிலிருந்து ஒரு சீப்புப் பழம் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், சாப்பிடவில்லை.

அண்ணன் வெளியே வந்து மலையை அண்ணாந்து பார்த்தார். உச்சிக்குக் கீழே, சோலைக்காட்டின் நடுவில், ஒரே இடத்திலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"அது என்னண்ணே புகை?"

"அதா, ஏலக்கா ஸ்டோருப்பா. பறிச்ச காய வெறகு போட்டு ஒலத்துவாகல்ல," என்றார் ராக்கையா.

"எந்த மாசத்துல ஒலத்துவாக?"

ராக்கையா விரலை மடக்கி மாசங்களை எண்ணினார். எண்ணிவிட்டு மறுபடியும் மலையைப் பார்த்தார். ஆடிக்கு மேல்தான் பறிப்பு தொடங்கும், மாசியில் முடிந்துவிடும். சித்திரையில் ஏலச்செடியில் பூதான் இருக்கும். இது போடியில் பிறந்த எந்தப் பயலுக்கும் தெரியும். தினம் அண்ணாந்து பார்த்தும் யாருக்கும் உறைக்கவில்லை. மலையில் புகை என்றால் ஏலக்காய் ஸ்டோர் என்றே பழகிவிட்ட கண்கள்.

"சுருளி, வண்டிய எடு. வெரசா."

செபஸ்தியம்மாள் எங்களுக்கு முன்னால் ஜீப்பில் ஏறிவிட்டாள்.

"அங்க காளவாசல் போட்டிருக்கானுவளா அண்ணாச்சி?"

"ஆமம்மா. காட்டு வெறகு சும்மா கிடைக்கும். கல்ல அங்கேயே சுட்டுச் சுண்ணாம்பாக்கி, ஏலச்செடி அழுகாம இருக்கச் சுண்ணாம்புல துரிசைக் கலந்து அடிக்கிற எஸ்டேட்டுகளுக்கே வித்திரலாம். ரோட்டுல போனா சாவடியில பாத்துருவாக. அதான் கழுதைப் பாதை."

"அப்ப அவியள..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு மிகச் சாதாரணமான குரலில், "எலும்பாவது மிஞ்சியிருக்குமா?" என்று கேட்டாள்.

நான் கியரை மாற்றினேன். எனக்கும் அதே நினைப்புத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மனிதனை இல்லாமல் ஆக்குவதற்குச் சுண்ணாம்புக் காளவாசலை விடத் தோதான இடம் உண்டா?

ராசிங்காபுரம் தாண்டி, போடி தாண்டி, முந்தலில் மலை ஏறினோம். ராத்திரி மதுரைக்குப் போகிற கடைசி பஸ்சைப் பிடித்தால்தான் அவள் காலை விசாரணைக்குக் கரை போய்ச் சேர முடியும். கொண்டை ஊசி வளைவுகளில் என் ஜீப் கிழட்டு மாடு கணக்காக மூச்சு வாங்கியது. பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. ஓடையில் தண்ணீர் மொள்ளப் போனபோது அண்ணனும் கூட வந்தார். போகும் முன் அந்த அம்மாளிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"சட்டையத் தவிர வேற எதுவும் கிடைச்சுதா? கழுத்துல, கையில போடுறது?"

"உத்தரியம் கிடைக்கல அண்ணாச்சி. சின்ன வயசுல கோயில்ல புதுநன்மை அப்பம் வாங்குன அன்னைக்குக் கழுத்துல போட்ட கயிறு, மாதா படம் வச்சது. கடல்ல முங்கும்போதுகூடக் கழத்த மாட்டாவ. அதோட செத்தா நரகம் இல்லன்னு நம்பிக்கை."

ஓடைக் கரையில் அண்ணன் தாழ்ந்த குரலில் பேசினார்.

"சட்டையப் பாத்தியாடா? ஒரு பொத்தான்கூட அறுகல. எல்லாம் ஒழுங்காக் கழட்டியிருக்கு."

"யானைக்கு அவ்வளவு பொறுமை இருக்காதுண்ணே. அப்ப மனுசன்தான் கொன்னிருக்கான்."

"கொன்னவன், செத்தது இன்னாருன்னு காட்டத்தானே சட்டையப் போட்டான்? அப்ப உத்தரியத்தையும் அறுத்துப் போட்டிருப்பான். அவனுக்கு அது வெறும் கயிறு. அதக் கழட்ட மாட்டேங்கிறவன் யாரு? இன்னொண்ணு. ஒளிஞ்சு வேவு பாக்க வந்தவன், தண்ணி குடுத்தவர்கிட்டப் பேரு, ஊரு, தெரு வரைக்கும் எதுக்குச் சொல்லணும்?"

"எதுக்குண்ணே?"

"தண்ணிய ஊத்து," என்றார் அவர். முகம் நன்றாக இல்லை. கேஸ் துலங்கினால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அன்றைக்கு வரவில்லை.

மலையுச்சி மெட்டைத் தாண்டி எஸ்டேட்டுக்குப் பிரிகிற மண்பாதையில் வண்டியை விட்டேன். வழியில் சங்கிலி கட்டியிருந்தது. எஸ்டேட்டுக் கங்காணி, மொக்கையன் என்று பேர், அதன்மேல் காலை வைத்து நின்றான். பிறந்தது போடிப் பக்கம், பிழைப்பு மலையாளத்தாரோடு. பேச்சில் இரண்டும் கலந்திருக்கும்.

"எந்தா சாரே, வழி மாறி வந்துட்டீகளா?"

"சுண்ணாம்பு வேணும். செடிக்கு மருந்தடிக்க," என்றார் அண்ணன்.

"சுண்ணாம்பு இவிட இல்ல. இது ஏலக்கா ஸ்டோரு."

"காய் ஒலத்துறீகளா?"

"ஆமா. போன வருசத்துக் காய்."

"போன வருசத்துக் காய இன்னுமா காய வச்சிக்கிட்டு இருக்கீக? எங்கூர்ல இதுக்குள்ள பாயசத்துல போட்டுக் குடிச்சே முடிச்சிருப்பாக," என்றேன் நான்.

மொக்கையன் என்னை முறைத்தான். நான் ஜீப்பை விட்டு இறங்கி அவன் தோளில் கை வைத்தேன்.

"அண்ணே, எங்க தவசியண்ணன நல்லாப் பாருங்க. ஒரு ஏலக்கா எங்கயாவது மூட்டை ஓட்டையில ஒட்டிக்கிட்டு இருந்தாக்கூட இந்நேரம் தும்மித் தும்மி மூக்கு செவந்திருக்கும். உங்க ஸ்டோருப் புகை முழுக்க அவரு மூஞ்சியிலதான் அடிக்குது. ஒரு தும்மல் வருதா? இத்தன பெரிய ஸ்டோருல ஏலக்கா மட்டும் இல்ல."

"மொதலாளி இல்லாம உள்ள விட முடியாது, கேட்டோ."

செபஸ்தியம்மாள் அவனைப் பார்க்கவேயில்லை. சங்கிலியைத் தூக்கிக்கொண்டு குனிந்து போனாள். அவன் மறித்தபோது நின்று சொன்னாள். "எம் புருசன் எலும்பு உள்ள கெடக்கு. நான் எடுத்துக்கிட்டுப் போவணும். உனக்கு அது எதுக்கு?"

மொக்கையன் அப்படியே விழித்தான்.

"எலும்பா? இங்க யாரும்மா செத்தா?"

பொய் சொல்கிறவன் முகம் அப்படி இருக்காது. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. அண்ணன் அதைக் கவனித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். நான் மறுபடியும் குழம்பினேன்.

ஸ்டோரின் பின்புறம் போனதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. கருவாட்டு மண்டியில் மழை பெய்த மாதிரி ஒரு வாடை, ஏலமலையின் நடுவில். அங்கே ஆளுயரத்துக்குக் கல் குவிந்து கிடந்தது. கொம்பு கொம்பாக, மூளை மடிப்பு மாதிரி, பூ மாதிரி. சிலதில் பழுப்பாகச் சதை காய்ந்து ஒட்டியிருந்தது. நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. முதல் தடவையாக அதைப் பார்த்தபோது அது செத்துக் குவிந்து கிடந்தது. பக்கத்தில் காளவாசல் எரிந்தது. முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு நாலைந்து பேர் கூடை சுமந்தார்கள். எல்லாரும் தலை முதல் கால் வரை வெள்ளை. யார் எவர் என்று தெரியவில்லை.

செபஸ்தியம்மாள் காளவாசலின் வாய்க்கு ஓடினாள். அனல் தாங்காமல் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, அதற்குள் எதையோ தேடினாள். நான் போய்ப் பிடித்து இழுத்தேன்.

அண்ணன் நகரவில்லை. கூடைக்காரர்களைப் பார்த்து, வெளியூர்க்காரன் வழி கேட்கிற குரலில் கேட்டார்.

"இங்க சூசையோட அப்பா யாரு?"

ஒரு கூடை விழுந்தது.

மிக்கேல் என்று கூப்பிட்டிருந்தால் அவன் அசைந்திருக்க மாட்டான். அந்தப் பெயரைச் சட்டையோடு சேர்த்துக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் மலையேறியிருந்தான். மகன் பெயருக்கு அவனால் மாற்று ஏற்பாடு செய்ய முடியவில்லை. சிதறிய கல்லின் நடுவில் அப்படியே நின்றான். கழுத்தில் கறுத்துப்போன கயிறு தெரிந்தது.

செபஸ்தியம்மாள் திரும்பினாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷம் அதில் வந்ததையும், வந்த வேகத்தில் போனதையும் பார்க்காமல் இருந்திருக்கலாம். அவள் அவனிடம் போய், முகத்துத் துணியை இழுத்துக் கழற்றினாள்.

"யாரு புடிச்சு வச்சிருக்கா ஒம்மள?"

"யாரும் புடிச்சு வைக்கல செபஸ்தி."

"காவலுக்கு ஆளு போட்டிருக்கானுவளா?"

"இல்ல."

"அப்ப வாரும். நாளைக்கு விசாரணை."

"வரமாட்டேன்," என்றான். "நான் செத்துட்டேன்னு ஊர்ல சொல்லிரு. யானை அடிச்சிட்டுன்னு சொல்லிரு. அன்னைக்கு ராத்திரி கல்லு எங்க போவுதுன்னு பாக்கத்தான் கிடந்தேன்னு நெனைக்காத. காண்டிராக்டரு சொல்லித்தான் வந்தேன். எப்படியாவது காணாமப் போயிருன்னான். காணாமப் போனது யாருன்னு தெரியட்டும்னுதான் தோப்புல பேரு, ஊரெல்லாம் சொன்னேன். யானை வந்து குடோன இடிச்சுது. இதான் நேரமுன்னு சட்டையக் கழத்திப் போட்டேன்."

"எதுக்குய்யா?"

அவன் கீழே கிடந்த கல்லைப் பார்த்தான்.

"சாச்சி சொன்னா, உயிர்க்கல்ல வெட்டுனது யாருன்னு கேப்பாவ. எங்க வெட்டுனான்னு கேப்பாவ. நான்தான் செபஸ்தி. பகல்ல கோயில்ல நின்னு சத்தியம் சொல்லிக் குடுத்தேன். விடியக்கருக்கல்ல நானே போயி வெட்டுனேன். வலையில மீனு இல்ல, அடுப்பெரியணும். நம்ம தெருவுக்கு நேரேதான் கல்லு பெருசா நின்னுச்சு. ஒரு வாசல் அளவுதானே, அது என்ன செஞ்சிரும்னு நெனச்சேன். அந்த வாசல் வழியாத்தான் வந்துச்சு. அது காண்டிராக்டருக்குத் தெரியும். வாயத் தொறந்தா, மவனக் கொன்னவன் இவந்தான்னு ஊரறியச் சொல்லுவேன்னான்."

காளவாசலில் கல் வெடித்தது. மற்ற கூடைக்காரர்கள் கூடையைத் தரையில் வைத்துவிட்டார்கள். நானும் அண்ணனும் எத்தனையோ வீட்டில் எத்தனையோ திருட்டைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறோம். இவனைக் கண்டுபிடிக்காமல் போயிருக்கலாம் என்று அன்றைக்கு மனதார நினைத்தேன். ஒரு எலும்பு கிடைத்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு போய் அவள் அழுதிருப்பாள்.

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையை எடுத்து அவன் கண்ணைச் சுற்றியிருந்த சுண்ணாம்பைத் துடைத்தாள். மெதுவாகத் துடைக்கவில்லை. தோல் சிவக்கிற மாதிரி துடைத்தாள்.

"கண்ணு அவிஞ்சு போவும்," என்றாள். பிறகு சொன்னாள். "நீரு சொல்லலன்னா என்னன்னு எழுதுவாவ தெரியுமா? புயல்ல கடல் வந்துட்டுன்னு எழுதுவாவ. கடல் மேல பழியப் போட்டுட்டு அடுத்த தெருவுக்கு நேரேயும் வெட்டுவானுவ. அங்க ரஞ்சிதம் மக்க ரெண்டும் ஒறங்குது. லூர்தம்மா பேத்தி ஒறங்குது. நீரு செத்தாலும் சரி, இருந்தாலும் சரி, அந்த வாசல எங்க வெட்டுனேன், அது வழியா என்ன வந்துச்சுன்னு ஒம்ம வாயால சொல்லணும். அது தெரிஞ்ச ஆளு வேற எவனும் இல்ல."

"ஊரு என்னைய அடிச்சே கொன்னுரும்."

"நானும் கூடத்தான் நிக்கப் போறேன்."

அவன் முழங்காலில் விழுந்தான். அவள் தூக்கவில்லை. குவியலுக்குப் போய், சதை ஒட்டியிருந்த கல்லாகப் பார்த்து ஒன்றைப் பொறுக்கி ஓலைக் கொட்டானில் சட்டையின் மேல் வைத்தாள். அப்புறம் ஜீப்பை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பாதி தூரம் போன பிறகுதான் அவன் எழுந்து பின்னால் வந்தான்.

சங்கிலிக்குப் பக்கத்தில் மொக்கையன் இப்போது இன்னும் இரண்டு பேரோடு நின்றான்.

"ஆள விட முடியாது சாரே. மொதலாளிக்குச் சொல்ல ஜீப்பு போயிருக்கு."

"தாராளமா வச்சுக்கோப்பா," என்றார் அண்ணன். "போலீசுக் கணக்குல இவன் செத்துப் போன ஆளு. நாளைக்கு அவுக இங்க வந்தா ரெண்டு கேள்விதான் கேப்பாக. செத்தவன் இங்க எப்படிக் கூடை தூக்குறான்னு ஒண்ணு. உன் சங்கிலிக்குள்ள இருந்தவன் அதுக்கப்புறம் உசுரோட இல்லேன்னா, கொன்னது யாருன்னு இன்னொண்ணு. மொதலாளி பதில் சொல்வாரா, நீ சொல்லுவியா?"

மொக்கையன் தன்னோடு நின்ற இருவரையும் பார்த்தான். அவர்கள் காட்டைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் சங்கிலி கீழே விழுந்தது. மொக்கையன் அதை எடுக்கக் குனியவில்லை.

இறக்கத்தில் அண்ணன் என் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பின்னால் அவள் ஒரு ஓரம், அவன் ஒரு ஓரம், நடுவில் ஓலைக் கொட்டான். கல்லின் நாற்றம் ஜீப் முழுக்க நிறைந்திருந்தது.

அடிவாரத்துக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. பஸ்சைப் பிடித்துவிடலாம் என்றேன் பொதுவாக. அப்போதுதான் அவள் பேசினாள். அவனைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அதிகாரி கேட்டா, வெட்டுன இடத்த மட்டும் சொல்லிட்டு உக்காந்துராதீரும். நம்ம மவன் பேரையும் சொல்லும். கடல்ல போனதுன்னு சொல்லி அவன் சாவ எங்கேயும் எழுதல. இன்னாரு மவன் சூசை, ஏழு வயசு, ஒறங்கிக்கிட்டு இருந்தான்னு அங்கயாவது எழுதட்டும்."

அவன் சரி என்றான். குரல் வெளியே வரவில்லை, கண்ணாடியில் உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன். அவள் மடியிலிருந்த சீப்பிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து, கொட்டானுக்கு மேலாக அவன் பக்கம் நீட்டினாள்.

"தின்னும். நாளைக்கு நிக்கணும்."